சைக்கிளை விற்காதே

அன்புள்ள சுப்பையா,

நீ சைக்கிளை விற்கப்போவதாக மதினி போனில் சொன்னார்கள். மூச்சு வாங்குகிறதாம். ஆற்றில் முங்கினால் கரையில் நிற்பவன் பயப்படும்வரை எழாத ஆளுக்கா மூச்சு? இங்கே எல்லோரும் நலம். சாரல் தொடங்கிவிட்டது. பெரியவளுக்கு வரன் இன்னும் தகையவில்லை.

உடற்கல்வியில் ஆராய்ச்சி செய்யும் தம்பி மகன், போன வாரம் என்னை ஆய்வகத்துக்கு இழுத்துப்போய் நகராத சைக்கிளில் ஏற்றிவிட்டான். மூக்கையும் வாயையும் மூடி ரப்பர் முகமூடி. மீசை நசுங்கிப் போயிற்று. எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று கருவி மூச்சுக்கு மூச்சு அளக்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் உடம்பின் ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்குச் சுமார் 3.5 மில்லிலிட்டர். 100 வாட் சுமையில் மிதித்தால் முழு உடம்புக்கும் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். அதில் கிடைக்கும் சக்தியிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மிதிக்குப் போகிறது, மற்றதெல்லாம் வெப்பம்.

சுமையைக் கூட்டிக்கொண்டே போனான். முதலில் கைவிரித்தது என் தொடை. மூச்சு மிச்சம் இருந்தது. தொடையில் பலம் குறைந்தால் ஒவ்வொரு மிதிக்கும் அதன் முழு வலுவில் பெரும்பங்கு செலவாகிறது. இறுகும் தசை தனக்கு வரும் ரத்தத்தைத் தானே நெரிக்கிறது. சீக்கிரம் களைக்கிற தசை இழைகளும் வேலைக்கு இறங்க வேண்டியதாகிறது. அமிலம் சேர்கிறது, அதைச் சமன்செய்யும்போது கரியமில வாயு பெருகுகிறது, அதை வெளியேற்றத்தான் இளைப்பு. அந்த இடம் வந்ததும் திரையில் மூச்சின் கோடு சட்டென்று மேலே ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். நீ நுரையீரலைத் திட்டுகிறாய். குற்றவாளி முழங்காலுக்கு மேலே இருக்கிறான்.

1980-இல் ஹிக்சன் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் பத்து வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். உடம்பு செலவழிக்கக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு பெரிதாக ஏறவில்லை. ஆனால் சைக்கிளில் தாக்குப்பிடித்த நேரம் 47 சதவீதம் கூடியது. ஓட்டத்தில் 12 சதவீதம்தான். மிதிக்கிறவனுக்குத்தான் தொடை பலம் இப்படிக் கைகொடுக்கிறது.

ஆனி, ஆடியில் முக்கூடல் தாண்டி மேற்கே போய்ப் பார், ஆய்வகமே வேண்டாம். ஆரியங்காவுக் கணவாய்க் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். எதிரே மோதும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. கியர் உள்ளவன் மிதியை இலேசாக்கி வேகமாகச் சுற்றிக்கொள்வான். உன் ஹெர்குலிஸில் அதற்கும் வழியில்லை, அழுத்தித்தான் ஆகவேண்டும். வி.கே.புரம் மில்லுக்கு ஷிப்டு தவறாமல் மிதித்த அண்ணாச்சியின் தொடை ஞாபகம் இருக்கிறதா? நீயோ பென்ஷன் வாங்கிய நாள் முதல் சாய்வு நாற்காலியை விட்டு இறங்கவில்லை. அதிலிருந்து கையூன்றாமல் எழுந்து எழுந்து உட்கார், போதும்.

சுப்பையா, ஒன்று கேட்கிறேன், மழுப்பாதே. மூச்சு வாங்கும்போது மார்பு இறுகுகிறதா? தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ வலி பரவுகிறதா? அப்படியானால் மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்றே டாக்டரைப் பார். வாயு, வாயு என்று சொல்லிக்கொண்டே செல்லையா போய்ச் சேர்ந்தான்.

இதற்கு மட்டும் பதிலை மதினியை எழுதச் சொல். உன் கையெழுத்தில் வந்தால் நம்ப மாட்டேன்.

உன்,
நம்பி