போரின் கடன் தோட்டத்துக்கும் வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் உள்நாட்டுப் போர் வடக்கு, கிழக்கோடு முடிந்துபோன விஷயம் என்று மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் அட்டன் பகுதியில் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1983 ஜூலை இன வன்செயலில் கொழும்பில் தமிழர்களின் கடைகளும் தொழிற்சாலைகளும் எரிந்தபோது முதலாளிகள் மட்டும் நட்டப்படவில்லை. அங்கே வேலை செய்த சிங்களத் தொழிலாளரும் மறுநாள் வேலை இழந்தார்கள். படித்தவர்கள் கப்பலும் விமானமும் ஏறினார்கள். அந்தக் கைகளும் மூளைகளும் இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் வரி கட்டுகின்றன. மலையகத்திலிருந்து, தமிழர் மீதான 1977 வன்செயலுக்குத் தப்பி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறிய எங்கள் சொந்தங்கள் அந்தக் காணியையும் பின்னர் போரில் இழந்தார்கள். இதை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது?

போர் 2009 மே மாதம் முடிந்தது. சரி, செலவு குறைந்ததா? இராணுவத்தை 2030க்குள் ஒரு லட்சம் பேராகக் குறைப்போம் என்று அரசு அறிவித்ததே 2023இல்தான். அதற்கு முந்தைய ஆண்டு நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. வேறு காரணங்களும் உண்டு, ஆனால் கால் நூற்றாண்டுப் போரை ஒதுக்கிவிட்டு அதைப் பேச முடியாது. அந்த வருடம் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பிள்ளைகள் வெறும் தேநீரோடு பள்ளிக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

வன்முறை ஒரு பொருளாதாரத்தை என்ன செய்யும் என்பதற்கு ருவாண்டாவைப் பாருங்கள்; அதுவும் நம்மைப் போலத் தேயிலை விற்கும் நாடு. 1994 இனப்படுகொலையில் அந்த ஒரே ஆண்டில் அதன் பொருளாதாரம் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கியது.

வரவு செலவுத் திட்ட விவாதத்தில் பாதுகாப்புச் செலவையும் தோட்ட வீடமைப்புக்கான ஒதுக்கீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்கள் மலையக உறுப்பினர்கள் கேள்வி கேட்க வேண்டும்.

ஒரு வாசகர்,
அட்டன்.