கார்டு மெஷின் கொடுத்த வங்கிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வணிகச் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் பூஜைச் சாமானும் மசாலாவும் விற்கும் சிறு கடைக்காரன் எழுதுகிறேன். போன புரட்டாசிச் சனிக்கிழமை உங்கள் கார்டு மெஷின்கள் சிக்னல் அறுந்து அறுந்து எங்களை என்ன பாடு படுத்தின என்று உங்களுக்கே தெரியும். 'இடையூறுக்கு வருந்துகிறோம்' என்று அன்று மாலை குறுஞ்செய்தி அனுப்பியவர்கள் நீங்கள்தானே. அதனால் நடந்ததை முழுவதும் சொல்லப் போவதில்லை.

மெஷின் சுத்தமாக நின்றுபோனால் சமாளித்துவிடலாம். 'இன்று ரொக்கம் மட்டும்' என்று அட்டையில் எழுதி வாசலில் மாட்டினால் போதும். பாதி வேலை செய்துவிட்டு நிற்கிறதே, அதுதான் கொடுமை.

எங்களிடம் வழக்கமாக வரும் ஆயா ஒருவர் அன்று கற்பூரம், தேங்காய், வாழையிலை, வெற்றிலை எல்லாம் எடுத்துவைத்துவிட்டு கார்டை நீட்டினார். மெஷினில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 'நிராகரிக்கப்பட்டது' என்று சீட்டு வந்தது. அந்தச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறேன், அவர் பையிலிருந்த போன் டிங் என்றது. கணக்கிலிருந்து 185 ராண்ட் போய்விட்டது. "தம்பி, காசு போயிடுச்சே" என்கிறார். எனக்கு வரவில்லை என்கிறேன் நான். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். மாதம் 2,000 ராண்டுக்குக் கொஞ்சம் மேலே வரும் முதியோர் பென்ஷனில் இருப்பவரிடம் இன்னொரு முறை கார்டைப் போடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? சாமானைக் கொடுத்தனுப்பிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். அன்று அந்த நோட்டில் ஏறிய பெயர் அவருடையது மட்டும் இல்லை.

இது ஏன் நடக்கிறது என்று எங்களுக்கும் தெரியும். வாடிக்கையாளரின் வங்கி சரி என்று சொல்லிவிடுகிறது, அந்தப் பதில் மெஷினுக்கு வந்து சேருமுன் அதிலுள்ள சிம்மின் செல்போன் சிக்னல் அறுந்துவிடுகிறது. பணம் நடுவில் தொங்குகிறது. தானாகத் திரும்பிவிடும் என்பீர்கள். எப்போது என்று கேட்டால், ஏழு முதல் பத்து வேலை நாள். அதுவரை அந்த ஆயாவுக்கு நான்தான் திருடன்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். இப்படித் தொங்கும் பணத்தை அன்றைக்கே பார்த்துத் தீர்த்துவைக்க, அதிகாரமுள்ள ஒரு மனிதரை டர்பனில் உட்கார வையுங்கள். அவருடைய நேரடி எண்ணை எங்களுக்குக் கொடுங்கள்.

இப்போது இருக்கும் உதவி எண்ணைப் பற்றி என்ன சொல்ல? நாட்டில் 12 ஆட்சிமொழிகள் இருக்கின்றன. எதில் கேட்டாலும் ஒரே பதில்தான், மெஷினை அணைத்துப் போடுங்கள். கடை நிறைய ஆளை வைத்துக்கொண்டு எத்தனை முறை அணைத்துப் போடுவது? முன்பெல்லாம் சிக்னல் போவதற்கு மின்வெட்டைக் காரணம் காட்டினீர்கள். கரண்ட் போனால் செல்போன் டவர் பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும், அடுத்த வெட்டுக்குள் அது சார்ஜ் ஏறாது, பேட்டரியைத் திருடுகிறார்கள் என்றீர்கள். நியாயம்தான், 2023இல் நாங்களும் இருட்டில்தானே மசாலா நிறுத்துக்கொண்டிருந்தோம். 2024 மார்ச் கடைசியில் மின்வெட்டு நின்று மாதக்கணக்கில் கரண்ட் ஒழுங்காக வந்ததே, அப்போதும் இதே வட்டம்தானே சுற்றியது? அப்புறம் அந்த மெஷின் வாடகை. அது மட்டும் எந்த சிக்னல் கோளாறிலும் மாட்டாமல், 15 சதவீத வாட் வரியோடு தேதி தவறாமல் போய்விடுகிறது. அந்த நெட்வொர்க்கை எங்களுக்கும் கொஞ்சம் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

ரொக்கத்துக்கே திரும்பிப் போ என்று சொல்லாதீர்கள். கல்லாவில் பணம் சேர்ந்தால் துப்பாக்கியோடு வருகிறவன் எங்கள் கடைக்குத்தான் வருவான். காசோலையையும் 2020 கடைசியோடு நாடு முழுக்க எடுத்துவிட்டார்கள். கார்டு, கார்டு என்று பழக்கிவிட்டது நீங்களெல்லாம்தான்.

சரி, கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது பெரிய விஷயம் இல்லை. உள்ளூரில் ஓர் ஆள், ஒரு நேரடி எண், அன்றைக்கே தீர்வு. முடிந்தால் ஒரு கம்பெனியின் சிக்னல் போனால் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும்படி இரண்டு சிம் போட்ட மெஷினும் தாருங்கள். அதற்கு வாடகை கொஞ்சம் கூட ஆனாலும் தருகிறோம். தீபாவளிக் கூட்டம் தொடங்குமுன் இதைச் செய்து தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சனிக்கிழமைச் சீட்டுகளையெல்லாம் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுப்பது என்று மட்டும் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் கடைக்காரன் ஒருவன்