எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்குகிறது. 'பழசைக் கொடுங்க, புதுசை எடுத்துட்டுப் போங்க' என்று பக்கம் பக்கமாக விளம்பரங்கள் வருகின்றன. அவற்றைப் பார்த்ததும், போன சித்திரையில் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதத் தோன்றியது.

பதினோரு வருடம் உழைத்த பிரிஜ். ஒருநாள் காலை திறந்தால் பால் திரிந்து கிடந்தது. பின்பக்கம் காதை வைத்துக் கேட்டேன். சில நிமிடங்களுக்கு ஒரு தரம் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான், மோட்டார் ஓடவில்லை. சர்வீஸுக்கு வந்தவர் பார்த்துவிட்டு, "கம்ப்ரஸர் போச்சும்மா, இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார். எக்ஸ்சேஞ்சில் 1,500 ரூபாய் கழிப்பதாகக் கடையில் சொன்னார்கள். என் கணவர் பணம்கூட எடுத்துவிட்டார். எதற்கும் ஒரு தடவை காட்டிவிடலாமே என்று தெருமுனை மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டேன். அவர் கம்ப்ரஸரை ஒட்டியிருந்த, அதை ஓடத் தொடங்கவைக்கும் சின்ன ரிலேயைக் கழற்றி, என் காதருகே குலுக்கினார். உள்ளே உடைந்த துண்டு கலகலவென்றது. புது ரிலே, கூலி எல்லாம் சேர்த்து 450 ரூபாய். அந்தப் பிரிஜ் இன்றுவரை ஓடுகிறது. போகும்போது கதவிடுக்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துச் சாத்தி இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது; கதவு ரப்பர் இறுகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். "ரப்பரைச் சோப்புத் தண்ணியில தொடைங்கக்கா, கரன்ட் மிச்சமாகும்" என்றார்.

அதற்காகப் பழசு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. ஃபேன் விஷயத்தில் நானே மாற்றினேன். பழைய ஃபேன் 75 வாட், கரன்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ள புதிய பி.எல்.டி.சி. ஃபேன் ஏறக்குறைய 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். எங்கள் பில் 500 யூனிட்டை ஒட்டியே வரும். அந்தக் கோட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். இரண்டு ஃபேன் மாற்றியதில் இப்போது தாண்டுவதில்லை.

சரி, கழித்துக் கட்டிய சாமான் எங்கே போகிறது? பெரும்பாலும் காயலான் கடைக்கு. அங்கே பிரிஜ்ஜின் பைப்பை அப்படியே வெட்டுகிறார்கள்; உள்ளிருக்கும் குளிரூட்டும் வாயு காற்றில் கலந்துவிடுகிறது. பழைய பிரிஜ் பலவற்றில் இருக்கும் ஆர்-134ஏ வாயு, கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. செம்புக்காக வயரைக் கொளுத்தும் புகை எங்கள் பகுதி வாய்க்கால் கரையிலிருந்து வீட்டுக்குள் வரும்போது என் பேத்திக்கு இருமல் நிற்காது. தெருவுக்குக் குப்பை எடுக்க வரும் அக்கா, யாரோ உடைத்துப் போட்ட டியூப்லைட்டில் கையைக் கிழித்துக்கொண்டதையும் பார்த்தேன். அதில் பாதரசம் வேறு இருக்கிறது.

மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. மறுசுழற்சிக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்கின்றன அவை. ஆனால் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று நான் கேட்ட இரண்டு கடையிலும் பதில் இல்லை. மாதத்தில் ஒரு நாளாவது வார்டுதோறும் வண்டி அனுப்பி வாங்கிக்கொள்ளுமாறு மாநகராட்சியைக் கேட்டுக்கொள்கிறேன். கம்பெனிகள் உதிரிபாகங்களைத் தெருமுனை மெக்கானிக்குக்கும் தாராளமாக விற்க வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். தீபாவளி இதழில் அந்த விளம்பரங்களுக்குப் பக்கத்திலேயே, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களின் முகவரிகளை மாவட்டவாரியாக வெளியிடுங்கள். கழற்றிய இரண்டு ஃபேனும் இன்னும் எங்கள் பரணில்தான் கிடக்கின்றன.

இப்படிக்கு,
வாசகி, உறையூர், திருச்சி.