விலை எழுதித் தொங்கவிட்டால்தான் மேசை

யாழ்ப்பாணம்

அன்புள்ள மகளுக்கு,

கலியாண வேலை செய்கிற நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்தப்போகிற கலியாணக் கண்காட்சிக்கு ரொறன்ரோவிலிருந்து நீ அனுப்பிய போஸ்டர் மூன்றையும் அம்மா போனில் பெருப்பித்துப் பெருப்பித்துக் காட்டினாள். வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றில் ஒன்றையும் இன்னும் அச்சகத்துக்குக் கொடுக்கவில்லை. ஏன் என்று போனில் சொல்ல வெளிக்கிட்டால் நீ "அப்பா, உங்களுக்கு மார்க்கெட்டிங் விளங்காது" என்பாய், நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிடுவேன். அதுதான் எழுதுகிறேன். வேலை முடிந்து வந்து ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் இடம். நீ சொன்ன ஹோட்டல் மண்டபம் வேண்டாம் என்று எல்லோருமாக முடிவெடுத்துவிட்டோம். குளிரூட்டி, கண்ணாடிக் கதவு எல்லாம் சரி. ஆனால் வாசலில் நிற்கிற காவலாளியைக் கண்டதும் சாவகச்சேரியிலிருந்து பஸ் ஏறி வருகிற ஒரு தாய், செருப்பைக் கழற்றுவதா விடுவதா என்று யோசிப்பாள். உள்ளே வந்தாலும் எதையும் தொட்டுப் பார்க்கமாட்டாள். நல்லூரடியில் ஒரு கலியாண மண்டபத்தையே இரண்டு நாளுக்குக் கேட்டு எடுத்திருக்கிறோம். மணவறை எவ்வளவு அகலம் வரும், ஒரு பந்தியில் எத்தனை பேர் இருக்கலாம், சமையல் கொட்டிலுக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று வருகிற சனம் கண்ணால் பார்த்துக்கொள்ளும். உள்ளே வர ரிக்கற் இல்லை. விஐபி ரிக்கற் என்று நீ எழுதியதை நான் ஒருவருக்கும் காட்டவில்லை.

நாள் குறித்த கதை பெரிய பகிடி. நல்ல நாள் பார்த்தே பழகிய நாங்கள் இந்தமுறை நாளில்லாத நாள் தேடினோம். முகூர்த்தம் உள்ள நாளில் பந்தல்காரரும் மேளகாரரும் சமையல்காரரும் கமராக்காரரும் வேலையில் நிற்பார்கள், பிறகு மேசைக்குப் பின்னால் யார் இருப்பது? தை மாதம் கோட்டைக்குப் பக்கத்தில் முற்றவெளியில் சர்வதேச வர்த்தகக் கண்காட்சி வரும். 2010இலிருந்து நடக்கிறது, அதோடு போட்டி போட எங்களால் முடியாது. மே மாதம் முள்ளிவாய்க்கால் நினைவு வாரம், கார்த்திகையில் மாவீரர் வாரம். அந்த நாட்களில் லைற் கட்டிப் பாட்டுப் போட எங்களில் ஒருவருக்கும் மனம் வராது. கார்த்திகையில் மழையும் விடாது. ஆடிதான் தோது என்று நான் சொன்னேன். மண்டபங்கள் வெறுமையாகக் கிடக்கும், எங்கள் ஆட்களும் சும்மா இருப்பார்கள், வெளிநாட்டுச் சனமும் ஊரில் நிற்கும். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "ஆடியில் பொம்பிளைப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கூறைச்சேலை பார்க்க எந்தத் தாய் வருவாள்?" ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூரில் கொடி ஏறினால் பிறகு இருபத்தைந்து நாளைக்குக் கோயிலடி வீதிகளுக்குள் வாகனமும் வராது. ஆகவே ஆனிக் கடைசியில், முகூர்த்தம் இல்லாத ஒரு சனி ஞாயிறு. வாக்கியம், திருக்கணிதம் இரண்டு பஞ்சாங்கத்தையும் பார்த்தோம். ஒன்றில் இல்லாத முகூர்த்தம் மற்றதில் இருந்து எங்கள் தவில்காரரைக் கொண்டுபோய்விடக் கூடாது அல்லவா? சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை இராகுகாலம், அதனால் எட்டரைக்கே விளக்கேற்றிவிடுவோம்.

இனி நீ கோபப்படப்போகிற விஷயம். உன் போஸ்டரில் பெரிய எழுத்தில் "வெளிநாட்டு உறவுகளே, குறைந்த செலவில் தாயகத்தில் உங்கள் கனவுத் திருமணம்" என்று இருக்கிறது. அந்த வரி எனக்கு வேண்டாம்.

நீ போன பிறகு இங்கே கலியாணச் செலவு எப்படி மாறியது என்று உனக்கு முழுக்கத் தெரியாது. ஒரே மணவறைக்கு இரண்டு விலை இருக்கிறது. வருகிறவரின் கதையைக் கேட்டு, காலில் போட்டிருக்கிற சப்பாத்தைப் பார்த்து, "எப்ப வந்தனீங்கள்?" என்று ஒரு கேள்வியும் கேட்டுவிட்டு விலை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆவணியில் கனடாக் கலியாணம் ஒன்று செய்து அந்த விலைக்குப் பழகினவர், தை மாதம் வருகிற பள்ளிக்கூட வாத்தியாருக்கு இறங்கி வரமாட்டார். வெளிநாட்டுக்காரர் ஏமாறுவது ஒரு பக்கம், அவர்கள் ஏற்றிவிட்டுப் போகிற விலையைச் சுமப்பது இங்கே இருப்பவர்கள். சித்தப்பா வீட்டுக் கலியாணத்தில் மண்டபக் காசு என்று ஒரு தொகை பேசிக் கடைசியில் ஜெனரேற்றர், துப்பரவு, சமையல் கொட்டில், கதிரைக்கு உறை என்று தனித்தனியாக எழுதி நீட்டினார்கள். பொம்பிளை மாப்பிள்ளை காரில் ஏறுகிற நேரம் அது. யார் நின்று சண்டை பிடிப்பது? சித்தப்பா பேசாமல் எண்ணிக் கொடுத்தார்.

அதனால்தான் நாங்கள் ஒரு விதி வைத்தோம். விலையை எழுதித் தொங்கவிடுகிறவருக்கு மட்டும் மேசை. விலை மட்டும் போதாது, அதற்குள் என்ன அடங்கும், என்ன அடங்காது என்பதும் இருக்க வேண்டும். சாமான் விற்கிறவர் விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் சட்டம் சொல்கிறது. சீனிக்கும் பருப்புக்கும் அது நடக்கிறது. கலியாண வேலைக்காரர் யாரும் அதைத் தங்களுக்கு எழுதின சட்டமாக நினைப்பதில்லை.

இந்த விதியைக் கூட்டத்தில் சொன்னதும் பாதிப் பேர் எழும்பிப் போகப் பார்த்தார்கள். கமராக்காரப் பெடியன் ஒருவன், கெட்டிக்காரன், "ஐயா, எங்கட வேலைக்கு எப்படி விலை எழுதுகிறது? ஆளைப் பார்த்துத்தானே சொல்ல வேணும்" என்றான். "அந்த ஆளைப் பார்க்கிறதைத்தான் விடச் சொல்கிறேன் தம்பி" என்றேன். கொஞ்ச நேரம் போனை நோண்டிக்கொண்டு இருந்தான். பிறகு என் கொப்பியை வாங்கி எழுதத் தொடங்கினான். படத்துக்கு ஒருவர், வீடியோவுக்கு ஒருவர், அல்பம் நாற்பது பக்கம், ட்ரோன் வேறு, வெளிப்புறப் படம் வேறு, தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்கல் வேறு. அந்த இடத்தில் பூக்காரர் சிரித்துவிட்டார்: "பொன்னுருக்கல் வேறு என்று இப்பதான் முதல்முதல் எழுத்தில் பார்க்கிறன்." பெடியனுக்கும் சிரிப்பு. இப்போது அவனுடைய பலகைதான் எல்லாவற்றிலும் திருத்தமானது, மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதுகிறார்கள்.

கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்காரர் சொன்னது நியாயம். பவுண் விலை நாளுக்கு நாள் மாறும்போது தாலிக்கொடிக்கு எப்படி ஒரு விலை எழுதுவது? அன்றைய பவுண் விலை ஒரு பக்கம், செய்கூலியும் சேதாரமும் இன்னொரு பக்கம் என்று ஒப்புக்கொண்டோம். சனம் ஏமாறுவது அந்த இரண்டாவது பக்கத்தில்தான். ஒன்பது பவுணா பதினொன்றா என்பது அவரவர் வசதி, சேதாரம் எத்தனை வீதம் என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

மேளகாரரோடுதான் என் பருப்பு வேகவில்லை. இணுவிலில் இருந்து வந்த பெரியவர், "தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாசிச்ச ஊரில இருந்து வந்து விலைப்பலகை பிடிக்கச் சொல்லுறியளோ?" என்று கேட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. அவருக்கு மட்டும் விட்டுக்கொடுத்தோம். எத்தனை நாதஸ்வரம், எத்தனை தவில், எத்தனை மணித்தியாலம், வாகனச் செலவு யாருடையது, இவ்வளவும் எழுதினால் காணும். வித்துவத்துக்கு விலை எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அரை மணித்தியாலம் வாசிக்கவும் ஒத்துக்கொண்டார். அதுவும் இராகுகாலம் தொடங்க முதல், நாலரைக்குள்.

அம்மாவின் ஆட்களுக்குப் பாதிக் கட்டணம். அரியதரம், பயற்றம் பணியாரம், சிப்பிப் பலகாரம் என்று வீட்டில் இருந்து செய்து கொடுக்கிற பெண்கள். இவர்களுக்கு எதிர்ப்பக்கத்துப் பிரச்சினை. மாவுக்கும் எண்ணெய்க்கும் கணக்குப் பார்த்து விலை சொல்கிறார்கள், விடிய விடிய அடுப்படியில் இருந்ததற்குக் காசு போடத் தெரியாது. அம்மா ஒவ்வொருவராக இருத்தி வைத்துக் கூலியையும் சேர்க்கப் பழக்குகிறாள். உனக்கு அனுப்பின பொதிக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

கேக், வெள்ளை உடுப்பு, தேவாலய அலங்காரம் எல்லாம் ஒரு வரிசையில் உண்டு. அதைவிட முக்கியமாக ஒரு மூலையில் சட்டத்தரணி ஒருவரை இருத்துகிறோம். கலியாணப் பதிவுக்கு என்னென்ன பத்திரம், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் என்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்வார். சீதனக் காணி பற்றியும் கேட்கலாம். ஒல்லாந்தர் 1707இல் எழுதிவைத்த தேசவழமை என்கிற எங்கள் வழக்குச் சட்டம் இன்றைக்கும் எங்களைப் பிடித்துத்தான் வைத்திருக்கிறது. பெண்ணின் பேரில் காணி எழுதிக் கொடுத்தாலும் புருஷன் எழுத்தில் சம்மதிக்காமல், இல்லையென்றால் கோட்டில் அனுமதி எடுக்காமல், அவள் அதை விற்க முடியாது. இது தெரியாமல் கையெழுத்துப் போடுகிற பிள்ளைகள் எத்தனை பேர். நீயும் வாசித்து வை.

தரகர்மாரும் மேசை கேட்டு வந்தார்கள். "சீதன விலையையும் எழுதித் தொங்கவிடுவீர்களோ?" என்று கேட்டேன். போய்விட்டார்கள்.

விளம்பரத்தில் உன் உதவி வேண்டும், ஆனால் நீ நினைக்கிற மாதிரி அல்ல. முகநூலில் காசு கட்டி ஓடவிட்டால் லைக் வரும். கலியாணத்துக்குச் செலவழிக்கிற தாய் தகப்பன் அதைப் பார்த்து வருவார்களா என்பது சந்தேகம். சனசமூக நிலையங்களுக்கு ஆள் போகிறது. காலையில் பத்திரிகை பார்க்க வருகிற பெரியவர்கள் மேசையில் நோட்டீஸைக் கண்டால் பத்து மணிக்குள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும். உதயன் பத்திரிகையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன விளம்பரம். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்ட பொலிஸில் அனுமதிக் கடிதம் கொடுத்தாயிற்று. மதிலில் ஒட்டுவதில்தான் சிக்கல். ரியூசன் போஸ்டரும் கண்ணீர் அஞ்சலியும் ஒட்டாத மதில் இந்த ஊரில் எங்கே இருக்கிறது? செத்தவரின் முகத்துக்கு மேலே கலியாண நோட்டீஸ் ஒட்ட வேண்டாம் என்று பெடியளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

தீவுப்பகுதிதான் என் கவலை. ஊர்காவற்றுறை, புங்குடுதீவுச் சனம் பஸ்ஸில் வந்து பஸ்ஸிலேயே திரும்ப வேண்டும். நெடுந்தீவு ஆட்கள் என்றால் குறிகட்டுவானில் படகையும் பிடிக்க வேண்டும். ஆறு மணிக்குப் பிறகுதான் களைகட்டும் என்று நீ சொன்னாய். ரொறன்ரோவில் சரி. இங்கே காலை பத்தரையிலிருந்து மூன்று மணி வரைதான் எங்களுக்கு முக்கியம்.

ஆகவே போஸ்டரை இப்படி மாற்று. அந்த லெஹங்காப் பெண்ணை எடுத்துவிடு, எங்கள் ஊரில் அதைக் கட்டித் தாலி வாங்குகிறவர்கள் இல்லை. கூறையும் தாலிக்கொடியும் மட்டும் தெரிகிற படம் ஒன்றை அந்தக் கமராக்காரப் பெடியன் அனுப்புவான், முகம் வேண்டாம். நாள், இடம், நேரம் மூன்றும் கண்ணாடி போடாமல் வாசிக்கக்கூடிய அளவில். அதற்குக் கீழே "எல்லாக் கடையிலும் விலை எழுதியிருக்கும்" என்று ஒரு வரி. வியாழக்கிழமைக்கு முன் வந்தால் அச்சகக்காரர் ரியூசன் வேலைகளுக்கு முதல் எங்களுடையதை எடுப்பார். அங்கே உள்ள ஊர்ச் சங்கங்களின் வட்ஸ்அப் குழுக்களுக்கும் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. போடும்போது விலைப்பலகைகளின் படங்களையும் சேர்த்துப் போடு. இங்கே வந்து இறங்குகிறவருக்கு அந்த விலை முன்கூட்டியே தெரிந்திருந்தால், சப்பாத்தைப் பார்த்து யாரும் வேறு விலை சொல்ல முடியாது. நீ செய்யக்கூடியதில் பெரிய உதவி அதுதான்.

காசு அனுப்புகிறேன் என்றாய். வேண்டாம் மகள். மேசைக் காசிலேயே மண்டபத்துக்கும் நோட்டீசுக்கும் சரிவரும். மிஞ்சினால் சனத்துக்குத் தண்ணீரும் சர்பத்தும், குறைந்தால் நாங்கள் ஏழெட்டுப் பேரும் பங்குபோட்டுக் கொள்வோம். பந்தலும் கதிரையும் என் கடையுடையது, அதற்கு வாடகை எழுதவில்லை. அம்மா மட்டும் "உங்கட கதிரைக்கும் விலை எழுதித் தொங்கவிடுங்கோ, விதி எல்லாருக்கும்தானே" என்று நிற்கிறாள். எழுதத்தான் வேண்டும் போல.

அன்புடன்,
அப்பா