ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் வந்தவங்களுக்கு சட்ட உதவி கேட்டு கோரிக்கை மனு

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபோன், ஃப்ரிட்ஜ், பைக்னு பைனான்ஸ் கம்பெனில லோன் வாங்கிட்டு, நடுவுல வேலை போயோ உடம்பு முடியாமலோ இஎம்ஐ நின்னு போனவங்க சார்பா இந்த மனு.

கடன கட்டமாட்டோம்னு யாரும் சொல்லல. பாக்கி எவ்ளோன்னு கணக்குலதான் தகராறு. அபராதத்துக்கு மேல வட்டி ஏத்தக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2023லயே சொல்லியிருக்கு, அப்புறம் எப்படி இவ்ளோ ஏறுச்சுன்னு ஸ்டேட்மென்ட் கேட்டா பதிலே வராது, அதுக்குள்ள ஏதோ ஒரு ஊர்ல இருந்து ஆர்பிட்ரேட்டர்னு (கோர்ட்டுக்கு வெளிய தகராறுக்கு தீர்ப்பு சொல்ற நடுவர்) ஒருத்தர் நோட்டீஸ் அனுப்புறார். அவர போட்டதே அந்த கம்பெனிதான். பல பேர் இதையும் மிரட்டல் லெட்டர்னு நெனச்சு ஓரமா போட்டுடுறாங்க, புரிஞ்சவங்களுக்கும் அவ்ளோ தூரம் போய்வர வழியில்ல, கடைசில ஆள் ஆஜராகலன்னு ஒருதலையா அவார்டு (நடுவரோட தீர்ப்பு) போட்டு அத வச்சே ஜப்திக்கு வந்துடுறாங்க.

வழக்கோட முடிவுல தனக்கு அக்கறை இருக்குற தரப்பு, தானே தனியா ஆர்பிட்ரேட்டர போடக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2019ல சொல்லிடுச்சு. போடுற கட்டத்துலயே ரெண்டு தரப்பும் சமம்னு 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதிகள் பெஞ்சும் சொல்லுச்சு. ஆனா இத எடுத்துச்சொல்ல பக்கத்துல ஒரு வக்கீல் வேணுமே. அவார்டு கைக்கு வந்து 3 மாசத்துக்குள்ள கோர்ட்ல எதிர்த்து மனு போடணும், சரியான காரணம் இருந்தா இன்னும் 30 நாள், அதோட கதவு மூடிடும். ஜனங்க தோத்துப்போறது இந்த எடத்துலதான், நியாயம் இல்லாததால இல்ல.

கோர்ட் விஷயத்துல நீங்க தலையிட முடியாதுன்னு எங்களுக்கு தெரியும். நாங்க கேக்குறது, திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல் ஒருத்தர இதுக்குன்னே உக்கார வைங்க. பெண்களுக்கும் பட்டியலினத்தவங்களுக்கும் வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டுன்னு 1987 சட்டத்துலயே இருக்கு, அது நிறைய பேருக்கு தெரியவே தெரியாது, தாலுகா ஆபீஸ்ல ஒரு போர்டு வச்சா கூட போதும். கணக்கு விவரத்த தமிழ்ல எழுதிக்குடுக்கச் சொல்லி முன்னோடி வங்கி மேலாளர் மூலமா கம்பெனிகள்கிட்ட பேசுங்க. காலைல 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7க்கு மேலயும் ஏஜென்ட் ஃபோன் பண்ணா புகார வாங்கிக்க ஸ்டேஷன்களுக்கும் எஸ்பி மூலமா சொல்லணும்.

நோட்டீஸ் நகல்கள இதோட இணைச்சிருக்கோம். சில பேருக்கு அந்த 3 மாசக் கெடு ஓடிட்டு இருக்கு, அதனால வக்கீல் ஏற்பாட்ட மட்டுமாவது அடுத்த குறைதீர்க்கும் நாளுக்குள்ள செஞ்சு குடுங்க.

இப்படிக்கு,
பாதிக்கப்பட்ட கடன்தாரர்கள்