சீட்டு நோயாளி கையிலும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைத் தாளிலிருந்து கணினிக்கு மாற்றலாமா கூடாதா என்று உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் நடக்கும் வாக்குவாதத்தை விடாமல் படித்து வருகிறேன். கணினி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். டாக்டர் நம் முகத்தைப் பார்க்காமல் திரையைத்தான் பார்ப்பார் என்கிறார் இன்னொருவர். நான் முப்பது வருஷம் ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ரூமில் கட்டு கட்டி அடுக்கியவன். இப்போது மாதம் ஒரு தடவை என் வீட்டுக்காரம்மாவைச் சர்க்கரைக்கும் பி.பி.க்கும் காட்டக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்கிறவன். கவுண்டருக்கு அந்தப் பக்கமும் இருந்திருக்கிறேன், இந்தப் பக்கமும் இருக்கிறேன் என்பதால் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

முதலில் தாள். தாளைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் ஒரு ஐப்பசி மாதம் ரெக்கார்ட் ரூமில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தொப்பூர் கணவாயில் லாரி மோதிக் கால் போன ஒரு கூலித் தொழிலாளி, நஷ்டஈட்டு வழக்குக்காக நான்கு வருஷம் கழித்துத் தன் கேஸ் ஷீட்டைக் கேட்டு வந்தார். ஐ.பி. நம்பர், அதாவது உள்நோயாளி எண், தெரியாது. சேர்ந்த தேதி கேட்டால், ஊர் மாரியம்மன் பண்டிகை முடிந்த மூன்றாம் நாள் என்றார். மூன்று நாள் தேடிக் கட்டைக் கண்டுபிடித்தோம். பிரித்தால் நடுவில் கரையான், ஆபரேஷன் பற்றி எழுதியிருந்த பக்கங்கள் சல்லடையாக இருந்தன. சாதாரண உள்நோயாளியின் குறிப்பை 3 வருஷம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் வருஷ விதி இருக்கிறது. விபத்துக் கேஸ் என்றால் வழக்கு முடியும்வரை வைத்திருக்க வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியும், கரையானுக்குத் தெரியாது. ஆக்சிடெண்ட் ரிஜிஸ்டர் வேறு அலமாரியில் இருந்ததால் அந்த மனிதர் ஏதோ தப்பித்தார்.

அதே காலத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன் பெங்களூரில் ராத்திரி ஷிஃப்டில் வேலை பார்த்தான். என்ன வேலை என்றால், அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு அவர்களுடைய நோயாளிகளின் குறிப்பைத் தட்டச்சு செய்வது. எங்கோ இருக்கிற யாரோ ஒருவரின் மூட்டுவலி நம் பையன் கையால் ஒழுங்காகக் கணினியில் ஏறியது, நம் ஊர்க்காரரின் கால் கரையானுக்குப் போனது. அதனால் என்னைக் கணினி வேண்டாம் என்கிற கிழவன் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

ஆனால் இந்த விவாதத்தில் ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. வெளிநாட்டுக் கதையை அப்படியே எடுத்துப் பேசுகிறோம். அங்கே தாளாக இருந்தபோதும் நோயாளியின் ஃபைல் டாக்டரின் அலமாரியில்தான் இருந்தது, அந்த அலமாரியிலிருந்து அதே டாக்டரின் கணினிக்குப் போனது. நம் ஊரில் வெளிநோயாளியின் குறிப்பு எப்போது ஆஸ்பத்திரியில் இருந்தது? அது எப்போதும் நம் மஞ்சப்பையில்தான் இருந்தது. ஓ.பி. சீட்டு, சர்க்கரை நோட்டு, ஸ்கேன் கவர், பத்து வருஷத்து ரத்தப் பரிசோதனைச் சீட்டு, நடுவில் காப்பீட்டு அட்டையின் ஜெராக்ஸ், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில், அந்தக் கவர் பைக்குள். பென்னாகரத்தில் ஒரு டாக்டர், தருமபுரியில் ஒரு டாக்டர், முடியவில்லை என்றால் சேலம், ஓசூர் பக்கத்து ஜனம் என்றால் பெங்களூர். இத்தனை இடத்தையும் ஒன்றாக இணைத்தது அந்தப் பை மட்டும்தான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட 1-0-1 என்று எழுதியிருந்தால் மதியம் மாத்திரை கிடையாது என்று சொல்லிவிடும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிற தேன்கனிக்கோட்டையிலும் 1-0-1 ஒன்றுதான்.

ஆக, இங்கே நடக்கப்போவது அலமாரியிலிருந்து கணினிக்கு மாறுவது இல்லை. நோயாளி கையிலிருந்த ஒன்று இன்னொருவர் கைக்குப் போகிறது.

அது எப்படி இருக்கும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டோம். என் மனைவிக்குச் சல்ஃபா மாத்திரை ஆகாது. பல வருஷத்துக்கு முன் ஒரு தடவை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, இரண்டு நாள் பெட்டில் இருந்தாள். அப்போது பார்த்த பெரிய டாக்டர் ஃபைல் அட்டை மேலேயே சிவப்பு மையில், அரை அங்குல உயரத்துக்கு, 'சல்ஃபா ஆகாது' என்று தமிழில் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த அட்டைதான் முதலில் பேசும். நாங்கள் வழக்கமாகப் போகிற தனியார் ஆஸ்பத்திரி போன வருஷம் எல்லாவற்றையும் புதிய கணினி முறைக்கு மாற்றியது. இனிமேல் ஃபைல் கொண்டு வர வேண்டாம், நம்பர் சொன்னால் போதும் என்றார்கள். சுமை குறைந்தது என்று நாங்களும் சந்தோஷமாகத்தான் போனோம். சமீபத்தில் சிறுநீர்த் தொற்று என்று போனபோது டாக்டர் திரையைப் பார்த்தார், கிடுகிடுவென்று மாத்திரை எழுதினார். மருந்துக் கடையில் பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்த என் மனைவிக்கு என்னவோ சந்தேகம். மருந்துக் கடைக்காரர் பெயரைப் படித்துச் சொன்னதும் எனக்கு வியர்த்துவிட்டது, சல்ஃபா சேர்ந்த மாத்திரை.

திரும்பிப் போய்ச் சொன்னதும் டாக்டர் உடனே மாற்றி எழுதினார், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் திரையில் அலர்ஜி என்ற இடத்துக்கு நேராக 'இல்லை' என்று இருந்தது. பதிவு செய்யும் இடத்தில் இருந்த பெண்ணிடம், ஏம்மா, இதை யார் போட்டது என்று கேட்டேன். "அந்தக் கட்டத்தை நிரப்பாம அடுத்த பக்கம் போகாது தாத்தா, கூட்டமா இருந்தா 'இல்லை'ன்னு போட்டுட்டுப் போயிடுவோம்" என்றாள். சரி, முன்பு இங்கே பார்த்த பழைய குறிப்பெல்லாம் எங்கே? "அது பழைய சாஃப்ட்வேர்ல இருந்தது, இதுல வராது."

முப்பது வருஷ ரெக்கார்ட் ரூம்காரனாக எனக்கு உறைத்தது இதுதான். தாளில் எழுதாமல் விட்ட இடம் வெறும் இடமாகத் தெரியும், பார்க்கிற டாக்டர் நிமிர்ந்து ஒரு வார்த்தை கேட்பார். கணினியில் கேட்காமல் விட்டது 'இல்லை' என்று ஆகிவிடுகிறது. அதுவும் அழகான அச்செழுத்தில் இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. கோழிக் கிறுக்கல் கையெழுத்தையாவது இரண்டு தடவை உற்றுப் பார்ப்போம்.

பெயர்க் குழப்பம் தனிக் கதை. நம் மாவட்டத்தில் மாதம்மாள் என்று கூப்பிட்டால் வராண்டாவில் நான்கு பேர் எழுந்திருப்பார்கள், அதில் இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்றாக இருக்கும், பிறந்த தேதி பாதிப் பேருக்கு ஜனவரி 1. எந்த ஊரு, யார் வீடு என்று கேட்டுத்தான் நாங்கள் கட்டைப் பிரிப்போம். இதற்குத்தான் 2021 செப்டம்பர் 27-ல் தொடங்கிய மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில் ஆளுக்கு ஒரு 14 இலக்க ஆபா எண், அதாவது மருத்துவக் குறிப்புகளுக்கான அடையாள எண், கொடுக்கிறார்கள். குறிப்புகள் அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும், நோயாளி சம்மதித்தால்தான் இன்னொரு டாக்டர் பார்க்க முடியும், எண் வாங்குவதும் கட்டாயமில்லை. ஏட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சம்மதம் ஓ.டி.பி.யாக வருகிறது, அந்த போன் நம்பரோ திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற பேரனுடையது. பாட்டி இங்கே கவுண்டரில் நிற்க, பேரன் அங்கே மிஷின் சத்தத்தில் போனை எடுக்காமல் இருக்க, பின்னால் நாற்பது பேர் நிற்க, என்ன நடக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு ஆனதும் நினைவிருக்கும். 2022 நவம்பர் 23-ல் ஹேக்கர்கள் சர்வரை முடக்கிவிட்டார்கள், கிட்டத்தட்ட இரண்டு வாரம் அங்கே ஓ.பி.யிலிருந்து லேப் வரை கையால்தான் எழுதினார்கள். நாட்டிலேயே பேர்போன ஆஸ்பத்திரிக்கே அந்தக் கதி. தேர்தல் சாமானைக் கழுதை மேல் ஏற்றி அனுப்பிய கோட்டூர் மலையும் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, அங்கிருந்து டோலியில் இறங்கி வருகிறவரிடம் சர்வர் டவுன் என்று சொல்லக் கூடாது. இங்கிலாந்தில் 2002-ல் மருத்துவக் குறிப்புகளைக் கணினியில் ஏற்ற நாடு முழுவதற்கும் ஒரே திட்டம் என்று ஆரம்பித்து, கணக்கில்லாத பணத்தைக் கொட்டி, 2011-ல் அதைக் கலைப்பதாக அறிவித்தார்கள். வார்டில் வேலை செய்கிறவர்களிடம் கேட்காமல் மேலிருந்து இறக்கியது ஒரு பெரிய காரணம் என்று படித்திருக்கிறேன். நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

அப்புறம் வழி என்ன என்றால், வெளியூரில் தேட வேண்டாம். கர்ப்பிணிகளைப் பாருங்கள். கிராமச் செவிலியர் விவரத்தை, கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் பிக்மி கணினித் தளத்தில் ஏற்றுகிறார், எண் கொடுக்கிறார், பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண்ணைக் கேட்கிறார்கள். அதே சமயம் அந்தப் பெண்ணின் கையில் தாய் சேய் நல அட்டையும் இருக்கிறது. எடை, ரத்த அளவு, போட்ட ஊசி எல்லாம் அதில் கையால் எழுதியிருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்து 108-ல் ஏறும்போது கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த அட்டை பேசும். (இரண்டு இடத்திலும் எழுதுவது செவிலியர்களுக்குப் பெரிய பாரம், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அதற்கு ஆள் போட வேண்டும், அட்டையை நிறுத்தக் கூடாது.) மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள், நல்ல விஷயம். அந்த அளவை வீட்டில் இருக்கிற நோட்டிலும் ஒரு வரி எழுதிவிட்டுப் போனால் என்னைப் போன்றவர்களுக்குப் போதும்.

அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, கணினியில் ஏற்றுங்கள். ஏற்றியதை அன்றைக்கே அச்செடுத்து, மாத்திரை எப்போது சாப்பிட வேண்டும், எந்த மருந்து ஆகாது என்பதைத் தமிழில் போட்டு, நோயாளி படியிறங்கும் முன் கையில் கொடுங்கள். சாஃப்ட்வேரை மாற்றினால் பழையதைப் புதியதில் ஏற்றிவிட்டு மாற்றுங்கள், முடியவில்லை என்றால் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொடுத்துவிட்டு மாற்றுங்கள். டாக்டர் திரையைப் பார்க்கிறாரா முகத்தைப் பார்க்கிறாரா என்பது பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. தாள் காலத்திலும் சீட்டை விட்டுத் தலை நிமிராத டாக்டர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் பழைய ஃபைலைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, மறுபடியும் மஞ்சப்பைக்குள் வைத்தாகிவிட்டது. திரையில் இருக்கும் அந்த 'இல்லை'யை மாற்றச் சொல்லி எழுதியும் கொடுத்தேன். அதற்கு வேறு லாகின் வேண்டும் தாத்தா, மேனேஜர் வந்ததும் மாற்றிவிடுகிறோம் என்றார்கள். சொல்லி மூன்று வாரம் ஆகிறது, நேற்று போய்க் கேட்டேன், இன்னும் 'இல்லை' என்றுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவமனைப் பதிவறை ஊழியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.