பரிவர்த்தனைப் பண்பை அறிவிப்பதில் அலட்சியம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நிறுவன மென்பொருளில் ஒரு கணக்கில் பற்று வைத்து மற்றொன்றில் வரவு வைக்கும் வேலை முழுமையாக முடிய வேண்டும். இல்லையேல் முற்றிலும் ரத்தாக வேண்டும். இத்தகைய வேலையே பரிவர்த்தனை எனப்படுகிறது. ஜாவா மொழியில் நிறுவன மென்பொருள் எழுத உதவும் என்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸில், 'பீன்' எனப்படும் நிரல்கூறுகளை இயக்கும் கன்டெய்னர் என்ற சர்வர் மென்பொருளிடம் இப்பொறுப்பை ஒப்படைத்து, ஒவ்வொரு மெத்தடும் (செயற்கூறு) எந்தப் பரிவர்த்தனையில் இயங்க வேண்டும் எனச் சொல்லும் பரிவர்த்தனைப் பண்பை அறிவித்தால் போதும். 2006இல் வெளியான 3.0 பதிப்பு முதல் அதை நிரலிலேயே அனோட்டேஷனாக (நிரலோடு இணைக்கும் குறிப்பு) எழுதலாம்.

எதையும் அறிவிக்காவிட்டால் 'ரிக்கொயர்டு' என்றே கொள்ளப்படும்; அதாவது, நடப்பில் பரிவர்த்தனை இருந்தால் மெத்தடு அதில் சேரும், இல்லையேல் புதிதாக ஒன்று தொடங்கும். பெரும்பாலும் அது சரியே. ஆனால், முயற்சி தோற்றாலும் அழியாமல் நிற்க வேண்டிய தணிக்கைப் பதிவுக்கு, எப்போதும் தனிப் பரிவர்த்தனையைத் தொடங்கும் 'ரிக்கொயர்ஸ் நியூ' இன்றியமையாதது. அப்படி அறிவித்த மெத்தடையும் அதே பீனுக்குள்ளிருந்து நேரடியாக அழைத்தால், கன்டெய்னர் குறுக்கிடாது என்பதால், அறிவிப்பு பயனற்றுப் போகிறது.

இதைவிடக் கவலை தருவது, செக்டு எக்ஸெப்ஷன் (நிரலில் கையாளவோ அறிவிக்கவோ வேண்டும் என ஜாவா கட்டாயப்படுத்தும் பிழை) எழுந்தால் பரிவர்த்தனை தானாக ரத்தாகாது என்பதைப் பலரும் கவனிக்காமல் விடுவதுதான். பற்று மட்டும் பதிவாகி வரவு விடுபடும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அத்தகைய எக்ஸெப்ஷனுக்கு 'ரோல்பேக்' (பரிவர்த்தனையை ரத்து செய்தல்) தேவை என அறிவிக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பதை, நிரல் மதிப்பாய்வில் நிறுவனங்கள் கட்டாயமாக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் பொறியாளர்